கண்ணும் கதிரும்

உறுப்புக்கள் பலவற்றுள்ளும் கண்ணே சிறந்ததென்பது நம்மவர் துணிபு. அன்பிற்குரியாரைக் ‘கண்ணே’ என்று அழைத்தலும், அரிய பொருளைக் ‘கண்ணாகக் காத்தேன்’ என்று கூறுதலும் இதனை விளக்கும். அத்தகைய கண்ணை, மூக்குக்கண்ணாடியின் சுமை நீங்கவேண்டும் என்னும் விருப்பத்தால், லேசர் கதிரின்கீழ் வைக்க இக்காலத்து இளைஞர் பலர் முந்துகின்றனர். யானும் பத்தாம் வயது முதற்கொண்டு கண்ணாடி அணிபவன். என் தமக்கையாரும் அத்தகையர். ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூறுதல் மிகையாகாதென எண்ணுகின்றேன்.

தமிழில் ‘கண்ணாடி’ என்னும் சொல், முகம் பார்க்கும் ஆடியையும், சன்னலிற் பொருத்துவதையும், மூக்கின்மேல் அமர்வதையும் ஒருங்கே குறிக்கும். கண்ணின் முகப்பிலுள்ள கருவிழிப்படலமும் ஒளி ஊடுருவ நிற்றலின், அதனையும் ஒருவகைக் கண்ணாடியென்றே பலர் கருதுகின்றனர். கண்ணாடியைத் தேய்த்து வளைவைத் திருத்தினால் அஃது அவ்வாறே நிற்குமன்றோ? படலமும் அங்ஙனமே நிற்கும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணமே ஆராயத்தக்கது.

மருத்துவர் கார்னியா என்று வழங்கும் அப்படலம், நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அஃதாவது 540 மைக்ரான் அளவே தடிப்புடையது. ஒளியை வளைக்கும் கண்ணின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. குருதிக்குழாய் ஒன்றும் அதனுள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகின்றது. அதன் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, கொலாஜன் என்னும் புரத இழைகளாலாகிய மெல்லிய அடுக்குக்கள். துணியில் பாவும் ஊடும்போல அவை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. முன்புறத்து அடுக்குக்கள் நெருங்கிப் பின்னியிருத்தலின் அப்பகுதியே வலிமை மிக்கது. கண்ணினுள் இருக்கும் நீரோ, 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தோடு, இரவும் பகலும் படலத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆகவே அது வெறுங் கண்ணாடியன்று. நீரைத் தாங்கி நிற்கும் ஏரிக்கரை போன்றது.

இக்கதிர் மருத்துவத்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்புண்டு. சென்னையிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் என்னும் வேதியியல் அறிஞர், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றிவந்தார். 1981-ஆம் ஆண்டில், விருந்தில் எஞ்சிய வான்கோழியின் துண்டொன்றில் எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தனர். 193 நானோமீட்டர் அலைநீளமுடைய அக்கதிர், சுற்றுப்புறத்தைக் கருக்காமல், பட்ட இடத்தை மட்டும் நுட்பமாகச் செதுக்கிற்று. கருவிழிப்படலத்தையும் இவ்வாறு செதுக்கலாம் என்பதை, ஸ்டீவன் டிரோக்கெல் என்னும் கண் மருத்துவர் சீனிவாசனோடு கூடி 1983-இல் வெளியிட்டார்.

நிற்க. லாசிக் என்னும் முறையில், முதலிற் படலத்தின் மேற்பகுதியை மூடிபோல வெட்டித் திறக்கின்றனர்; அடிப்பகுதியைக் கதிராற் செதுக்கியபின் மூடியை மீண்டும் பொருத்துகின்றனர். 6 மில்லிமீட்டர் அகலத்திற் செதுக்குவதாயின், கிட்டப்பார்வையின் ஒவ்வொரு டயாப்டருக்கும் ஏறத்தாழ 12 மைக்ரான் போகும். 480 மைக்ரான் தடிப்பும் 10 டயாப்டர் குறையும் உடைய ஒருவரைக் கொள்வோம். மூடிக்கு 120, செதுக்குதற்கு 120, எஞ்சுவது 240. மூடி ஒட்டினும் பழைய வலிமையை மீளப் பெறுவதில்லை. சுமை முழுதும் அடியில் எஞ்சியதன்மேலேயே விழுகின்றது. 250 மைக்ரானேனும் அடியில் எஞ்சவேண்டும் என்பது மருத்துவர் பலர் கொண்ட வரம்பு. 300 வேண்டும் என்பாரும் உளர். எனவே நாம் கொண்ட ஒருவர் இம்மருத்துவத்திற்கு உரியரல்லர்.

வரம்பு கடந்தால் நேர்வது யாது? மெலிந்த கரையை நீர் தள்ளுமாறுபோல, உள்ளழுத்தம் படலத்தை முன்னோக்கிப் புடைக்கச் செய்யும். பார்வை கோணும், கண்ணாடியாலும் அது திருந்தாது போகலாம். லாசிக்குக்குப் பின் நேரும் இவ்விளைவைத் தியோ சைலர் என்னும் மருத்துவர் முதலானோர் 1998-இல் எடுத்துரைத்தனர். இது மறுநாளே தோன்றுவதன்று. திங்கள் பல, சிலர்க்கு ஆண்டுகள் பல சென்றபின் தோன்றும். இயல்பிலேயே இழைகள் தளர்ந்து, படலம் கூம்புபோலக் குவியும் கெரட்டோகோனஸ் என்னும் நோயுடையார்க்கு, அந்நோய் வெளிப்படாதிருப்பினும் இவ்விடர் மிகப் பெரிது.

இதனை யான் ஏட்டில் மட்டும் கற்றேனல்லேன். என் தமக்கையார்க்கு மணம் பேசியபோது, மணமகன் வீட்டார் எல்லாம் பொருந்தியதென்று கூறி, கண்ணாடியை மட்டும் ‘எடுத்துவிட்டால்’ நன்றென்றனர். என் தந்தையார் கடன் வாங்கவும் இசைந்தார். தமக்கையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தடிப்பு போதுமானதாகவே இருந்தது. ஆயினும் படலத்தின் இருபுறத்து வளைவையும் படமெடுத்து நோக்கிய மருத்துவர், பின்புற வளைவு இடக்கண்ணில் ஓரிடத்தில் மிக்கிருப்பதைக் காட்டி, “அம்மா, இக்கண்ணில் யான் கதிரை வைக்கமாட்டேன்” என்றார். கண்ணைக் கசக்குதல் கூடாதென்றும், ஆண்டுதோறும் அளந்து பார்க்கவேண்டுமென்றும், குவிவு மிகுமாயின் ரைபோஃப்ளேவின் துளிகளையும் புறவூதாக் கதிரையும் கொண்டு இழைகளை இறுகச்செய்யும் சிகிச்சை உண்டென்றும் கூறியனுப்பினார். அச்சம்பந்தம் அத்துடன் நின்றது. அன்று என் தாயார் அழுதார்கள். தமக்கையாரோ, “அளக்காமல் வெட்டியிருந்தால் அழுவதற்கு வேறு காரணம் இருந்திருக்கும், அம்மா” என்றார்.

இதனால் இம்மருத்துவத்தை யான் பழிக்கின்றேன் என்று கொள்ளற்க. தக்கவர்க்குத் தக்கவாறு செய்யப்படுமிடத்து இது பெரும் பயனே தருகின்றது. புடைப்பு நேர்வது அரிது. நரம்பிழைகள் அறுபடுதலால் கண் உலர்தலும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுதலும் சிலர்க்கு உண்டு. அவை பெரும்பாலும் நாளடைவிற் குறையும், சிலர்க்கு நிலைக்கும். நாற்பதை யடுத்து வரும் வாசிப்புக் கண்ணாடியை இக்கதிர் பொதுவாகத் தடுப்பதில்லை.

மாணவ நண்பர்காள்! நம் வயதினர் பலர்க்குக் கண்ணின் குறை இன்னும் நிலைபெறவில்லை. ஆண்டொன்றேனும் எண் மாறாதிருத்தல் வேண்டும். அதன்பின் மருத்துவரிடம் செல்வீராயின், “எனக்கு எவ்வளவு தெரியும்?” என்பதோடு அமையாது, “என் படலத்தின் தடிப்பு யாது? இருபுற வளைவும் செம்மையாக உள்ளனவா? செதுக்கியபின் எஞ்சுவது எத்துணை?” என்று வினவுமின். நேரே விடை கூறுபவரிடம் கண்ணை ஒப்படைக்கலாம். பிறர் பேச்சுக்கு அஞ்சி ஒப்படைத்தல் மட்டும் வேண்டா. அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டியது அவர்கள் நாவன்று, நம் கண்ணே.