நலிந்த ஆண்டின் தேநீர்

காப்பிக்கும் நமக்கும் உள்ள உறவைத் தமிழர் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வங்கத்திற்குப் பிழைக்க வந்தபோதும் பித்தளை பில்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் நாம். ஆயினும், சோறிட்ட மண்ணின் சுவையை அறிந்துகொள்வதும் அம்மண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை அல்லவா? அவ்வெண்ணத்தால் கொல்கத்தாவில் வாழும் நாங்கள், அலுவலக நண்பராகிய வங்காளி ஒருவரின் துணையோடு, டார்ஜிலிங் தேயிலையைச் சுவைக்கப் பழகினோம்.

நாம் அன்றாடம் பருகும் தேயிலை பல தோட்டங்களின் கலவை. ஒரு தோட்டத்தில் மழை பொய்த்தால், மற்றொன்றின் இலை அக்குறையை மூடிவிடும். தனித்தோட்டத் தேயிலைக்கு அந்தப் போர்வை இல்லை. அவ்வாண்டின் வெயிலும் பனியும், தோட்டத்து மக்கள் பட்ட பாடும் கோப்பைக்குள் வந்தே தீரும்.

2017ஆம் ஆண்டு அம்மலைக்குச் சோதனையாக வந்தது. தனி மாநிலம் கோரி எழுந்த போராட்டத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை 104 நாட்கள் முழுஅடைப்பு நீடித்தது. டார்ஜிலிங்கின் பெருமைக்குரிய இரண்டாம் பறிப்பு மே, ஜூன் மாதங்களில் வருவது. சிறு பூச்சிகள் தளிரைக் கடிக்க, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே அதற்கு மஸ்கட் திராட்சையின் மணத்தைத் தருகின்றன. அவ்வாண்டு அந்தப் பறிப்பில் பெரும்பகுதி செடியிலேயே முற்றிப் போயிற்று. 80க்கும் மேற்பட்ட தோட்டங்களில் வேலை நின்றது, கூலியும் நின்றது. அடைப்பு நீங்கியபின், மண்டிய செடிகளைக் கவாத்து செய்து, களை நீக்கி, மீண்டும் தளிர் காண வேண்டியிருந்தது.

அவ்வாறு துளிர்த்த 2018ஆம் ஆண்டின் முதல் பறிப்பில், குர்சியாங் சரிவிலுள்ள ஒரு தோட்டத்தின் இலையை 100 கிராம் வாங்கினோம். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலையிட்டு, 3 நிமிடம் ஊறவைத்து வடித்தோம். வெளிறிய பொன்னிறம். முதலில் ஈரப் புல்லின் வாசம். பின்னர் ஏதோ ஒரு மலரின் சாயல். தேர்ந்த சுவைஞர்கள் ஓசையெழ உறிஞ்சுவார்கள். காற்றோடு கலந்தால்தான் மணம் நாசிக்கு ஏறும். நாங்களும் அவ்வாறே உறிஞ்ச, பிள்ளைகள் சிரித்தார்கள்.

முந்தைய வசந்தத்துத் தேநீரின் செழுமை இதில் இல்லை; நாவின் ஓரங்களில் துவர்ப்பு சற்று மிகுதி. ஆனால் ஆற ஆற, நெல்லிக்காய் தின்று தண்ணீர் பருகியதுபோல ஓர் இனிமை தொண்டையில் தங்கியது. ‘காய்ச்சலிலிருந்து எழுந்த குழந்தையின் முகம்போல மெலிந்திருக்கிறது, ஆனால் தெளிந்திருக்கிறது’ என்றார் இல்லத்தரசி. நண்பர் மறுப்பின்றித் தலையசைத்தார்.

நல்ல ஆண்டின் சரக்கைப் புகழ ஆயிரம் பேர் உண்டு. நலிந்த ஆண்டிலும் தேடி வாங்குவோர் இருந்தால்தான் கூடை சுமக்கும் பெண்களின் அடுப்பு எரியும். நம் குடும்பங்களுக்கும் இத்தகைய ஆண்டுகள் உண்டு. ஊரில் மழை பொய்த்து, முன்னோர் ரயிலேறிய ஆண்டும் அவற்றுள் ஒன்றன்றோ? அன்று வந்தவர்களை இந்நகரம் தள்ளிவிடவில்லை.

மாலைக் காப்பியை எவரும் துறக்க வேண்டா. ஞாயிறு முற்பகலில் மட்டும் இம்மலைத் தேநீருக்கு ஒரு கோப்பை ஒதுக்குவோம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு வாங்குவோம்.