பையைக் கட்டுகிறவள் ஒருத்தி, பிரிக்கிறவள் இன்னொருத்தி

கண்ணு, பிரசவத்துக்கு எடுத்துப்போக நீ போட்டு அனுப்பிய பட்டியலைப் படித்தேன். எழுபது எண்பது சாமான் இருக்கும்போல. வாசனை மெழுகுவர்த்தி, பெயர் பொறித்த போர்வை, படம் எடுக்கும்போது குழந்தைக்குப் போட ஒரு கிரீடம். பிரசவ அறையில் ஆக்சிஜன் இருக்கும். அங்கே மெழுகுவர்த்தி கொளுத்தினால் நர்ஸ் உன் புருஷனை மெழுகுவர்த்தியோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடுவாள். மற்றதை உன் ஆசைக்கு வைத்துக்கொள். ஆனால் இவ்வளவு நீளப் பட்டியலில் உன் ரத்த வகை ரிப்போர்ட் மட்டும் இல்லை. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

வேலைக்குப் போன காலமெல்லாம் நான் லேபர் வார்டில் இருந்தவள். பையைக் கட்டுகிறவள் ஒருத்தி, பிரிக்கிறவள் இன்னொருத்தி. அங்கே நான் கண்டது இதுதான். வலி எடுத்து உள்ளே போய்விட்டால் உனக்கும் உன் பைக்கும் சம்பந்தம் விட்டுப்போகும். அதை நடுராத்திரியில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக்கூட எடுத்து வராத உன் அம்மா பிரிப்பாள். இல்லை உன் மாமியார் பிரிப்பார். உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டி, "குழந்தையை வாங்கத் துணி குடுங்கம்மா" என்பாள். துணி பையின் அடியில் இருக்கும். நைட்டி, பேஸ்ட், நாப்கின் எல்லாம் ஒவ்வொன்றாக வராந்தாவில் வந்து விழும். உனக்கு மனப்பாடமான அடுக்கு அவர்களுக்குத் தெரியாதே. அதனால் ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் திணிக்காதே. லேபர் வார்டுக்கு ஒரு கட்டைப்பை, அறைக்கு ஒரு பெரிய பை, கையில் ஒரு ஃபைல். பெரிய பை காரிலேயே கிடக்கட்டும், பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். கட்டி முடித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு, ஒருமுறை அவளையே பிரித்துப் பார்க்கச் சொல். அவள் தேடினால் நீ கட்டியது சரியில்லை.

ஃபைலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டு மாதம் சென்னையில் உன்னைப் பார்த்த டாக்டரை விட்டுவிட்டு, உன்னை முன்பின் தெரியாத ஒருவரிடம் பெற்றுக்கொள்ள வருகிறாய். அவருக்கு உன் உடம்பைப் பற்றித் தெரியப்போவது அந்த ஃபைலில் இருக்கிறது மட்டும்தான். கடைசி ஸ்கேன் போதும் என்று மற்றவற்றைச் சென்னையில் விட்டுவிட்டு வராதே. தேதி கணக்குக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் நம்பகமானது. பின்னால் எடுப்பதில் ஒரு வாரம் இரண்டு வாரம் முன்னே பின்னே காட்டும். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகைப் பரிசோதனை எல்லாம் வரிசையாக இருக்கட்டும். ரத்த வகை மேலே இருக்கட்டும். நெகட்டிவ் வகை அம்மாவுக்குப் பாசிட்டிவ் வகைப் பிள்ளை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். விட்டுவிட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளைதான் கஷ்டப்படும். ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க வரக்கூடிய இரண்டு பேர் பெயரும் நம்பரும் அங்கேயே எழுதி வை.

ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபைலின் உள்பக்கம் ஒட்டு: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், இதற்கு முன் என்ன ஆபரேஷன் நடந்தது. வலியில் இருப்பவளிடம் இதையெல்லாம் கேட்டால் பாதி கேள்விக்கு "ம்" என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்பார்கள், மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அது முக்கியம். "தெம்பா இருக்கட்டும்" என்று கிளம்பும்போது உன் அம்மா நாலு இட்லி திணிப்பாள். அதை மறைக்காமல் சொல்லிவிடு.

பிறகு பிக்மி நம்பர். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற 12 இலக்க எண். தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். 2017-லிருந்து நம் மாநிலத்தில் அப்படி ஆக்கிவிட்டார்கள். நீ சென்னையில் பதிந்ததே இங்கேயும் செல்லும், எண் மட்டும் கையில் இருக்கவேண்டும். உங்கள் ஆபீஸ் இன்சூரன்ஸ் நம் ஊர் ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று இப்போதே கேட்டு வை. சின்ன ஊர்களில் நல்ல ஆஸ்பத்திரியாகவே இருக்கும், கம்பெனியின் பட்டியலில்தான் இருக்காது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்பாய். யார் போனில்? உன் போன் உன் விரலை வைத்தால்தான் திறக்கும். மாப்பிள்ளை போனுக்கும் உன் அம்மா போனுக்கும் அனுப்பு.

துணிக்கு வருகிறேன். பிறக்கும் முன்னே பிள்ளைக்குப் புதுசு வாங்கக்கூடாது என்று உன் மாமியார் சொன்னதற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயாம். பெற்ற பிள்ளைகளில் பாதியைப் பறிகொடுத்த காலத்துப் பயம் அது. அந்தப் பயத்துக்கு இப்போது வேலையில்லை. ஆனால் அந்தப் பேச்சுப்படி நடந்தால் பிள்ளைக்கு லாபம்தான். புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும், மொடமொடவென்று பச்சை உடம்பை உறுத்தும். உன் தாத்தாவின் நைந்த வேட்டி இரண்டை எடுத்துக் கிழித்து, நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வை. அதைவிட மெத்தென்ற துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கட்டைப்பையின் மேலே இரண்டு துண்டு. ஈரத்தோடு வரும் பிள்ளையைத் துடைக்க ஒன்று, துடைத்ததும் அதை எறிந்துவிட்டுப் போர்த்த இன்னொன்று. ஈரத்துணியிலேயே விட்டால் நம் ஊர் சித்திரை வெயிலில்கூடப் பிறந்த பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப்போகும். கூடவே ஒரு தொப்பி. தலைவழியாகவும் சூடு நிறையப் போகும்.

முன்பக்கம் முடிச்சுப் போடுகிற பருத்திச் சட்டை நாலைந்து. தலைவழியே மாட்டுவது வேண்டாம், கழுத்து நிற்காத பிள்ளைக்கு அதை மாட்டுவதற்குள் வீடே கூடிவிடும். டயாபர் பத்து எடுத்துக்கொள், ஆனால் முதல் நாள் துணியே கட்டு. பிள்ளை ஒன்றுக்குப் போனதா, கறுப்புப் பச்சையாக முதல் மலம் கழித்ததா என்று நர்ஸ் வந்து வந்து கேட்பாள். துணி நனைந்தால் உடனே தெரியும், டயாபரில் தெரியாது.

உனக்கு முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, அளவில் பெரியதாக. பாவாடை நாடா வேண்டவே வேண்டாம். சிசேரியன் ஆனால் நாடா சரியாகத் தையல் மேல் வந்து உட்காரும். உள்ளாடை ஒரு அளவு பெரியதாக, கறுப்போ கருநீலமோ. நாப்கின் பெரிய அளவு, நீ நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு. முதல் சில நாள் உதிரப்போக்கு மாதவிலக்கைவிட அதிகமாகவே இருக்கும், பிறகு குறைந்துகொண்டே போய் ஓயப் பல வாரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய நாப்கின் முழுக்க நனைந்தால் கூச்சப்படாமல் நர்ஸைக் கூப்பிடு. "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்வாள். அவள் டாக்டர் இல்லை. வழுக்காத ரப்பர் செருப்பு, நீளமான ஒயர் உள்ள சார்ஜர், பிளாஸ்க், மூடி போட்ட டம்ளர், இவற்றையெல்லாம் உன் அம்மா வயர் கூடையில் நீ சொல்லாமலே வைத்துவிடுவாள்.

நகையை வீட்டிலேயே கழற்றிவிடு. நகப்பூச்சையும் அழித்துவிடு; விரலில் மாட்டுகிற கருவி சரியாகக் காட்டாது. வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல் கையில் குளுக்கோஸ் ஏற்ற இடைஞ்சல், கட்டில் கம்பியைப் பிடித்து முக்கும்போது உடைந்து குத்தும். அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு அந்த வளையலைக் கொடுப்பார்கள். எனக்கும் வந்திருக்கிறது; பச்சையும் சிவப்புமாக ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன். தாலிதான் பெரிய விவகாரம். ஆபரேஷன் என்றால் சங்கிலியைக் கழற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. தியேட்டர் வாசலில் நின்று இரண்டு வீட்டாரும் அதைப் பற்றி வாதாடியதைப் பார்த்திருக்கிறேன், உள்ளே அந்தப் பெண் அழுதுகொண்டிருப்பாள். இப்போதே வீட்டில் பேசி, ஒரு மஞ்சள் கயிற்றைப் பையில் வைத்துவிடு.

எடுத்துப்போகக் கூடாததும் உண்டு. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கிரைப் வாட்டர். "சேனை வைக்கணும்" என்று உன் பெரியத்தை ஒரு சங்கோடு வருவார். அவர் நல்ல மனுஷிதான், என்னைவிட மூத்தவர், அதனால் நீ எதிர்த்துப் பேசாதே. நர்ஸிடம் கண்ணைக் காட்டிவிடு, அவள் பார்த்துக்கொள்வாள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுச் சீம்பால் கொடுக்கவேண்டும். அது மஞ்சளாக, ஒட்டலாக, கொஞ்சமாகத்தான் வரும், அந்தக் கொஞ்சமே போதும். பால் புட்டியை வீட்டிலேயே விட்டுவிடு. பையில் இருந்தால் முதல் ராத்திரி பிள்ளை வீறிட்டதும் யாராவது எடுத்துவிடுவார்கள். மையும் பவுடரும் வேண்டாம். தொப்புளில் மஞ்சளோ எண்ணெயோ எதுவும் வைக்கக்கூடாது. குளிப்பாட்ட ஒரு நாளாவது போகட்டும்.

கூட வருகிற ஆள்தான் பையைவிடப் பெரிது. நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம். நீ போகிற இடத்தில் யாரை விடுவார்கள், மாப்பிள்ளையை விடுவார்களா என்று கேட்டுக்கொள். உன்மேல் அதிகப் பாசம் உள்ளவரையே கூட்டிப்போகவேண்டும் என்றில்லை. உன் அம்மாவுக்கு உன்மேல் உயிர். நீ ஒருமுறை கத்தினால் அவள் இரண்டுமுறை கத்துவாள். உன் சித்தி பேசமாட்டாள், கையைப் பிடித்துக்கொள்வாள், தண்ணீர் கொடுப்பாள், டாக்டர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வாள். நான் அவளைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். வெளியே ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லிப் பார்.

உன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் மகளும் மாசமாக இருக்கிறாள் என்றாயே. அவளுக்கு நீ வாங்கிக் கொடுப்பதைவிட இதைக் கேட்டுச் சொல்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்குப் பதிந்தாளா? 18,000 ரூபாய் திட்டம். ஊட்டச்சத்துப் பெட்டகம் போக மற்றது தவணையாக அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும், கணக்கு இல்லாததால் இழுபடுகிறவர்கள் நிறைய. அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015-இல் ஒரு பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, அம்மாவுக்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருள். கிடைத்தால் நல்லது, ஆனால் பிறந்த பிறகுதான் கையில் வரும். குழந்தையை வாங்குகிற துணி அவளே கொண்டுபோக வேண்டியதுதான்.

எப்போது கட்டுவது? வளைகாப்பு முடிந்து இங்கே வந்ததும் ஆரம்பி, 36 வாரம் ஆவதற்குள் முடி. கொடுத்த தேதியிலேயே பிறக்கிற பிள்ளை மிகக் குறைவு. அதற்கு முன்பே பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, தலைவலி மண்டையைப் பிளந்து கண் மங்கினாலோ, கட்டிய பையோ கட்டாத பையோ, அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பு. ஃபைல் மட்டும் கையில் இருக்கட்டும். கார் வரவில்லையென்றால் 108. மாப்பிள்ளை சென்னையிலிருந்து வந்து சேரட்டும் என்று காத்திருக்காதே.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எல்லாரும் பிள்ளையைப் பார்ப்பார்கள், யாரும் காகிதத்தைப் பார்க்கமாட்டார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், தடுப்பூசி அட்டை இரண்டையும் ஃபைலில் போட்டாயா என்று பார். பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி மூன்றும் அட்டையில் ஏறியிருக்கவேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பும், ஆனால் அப்பா பெயர், அம்மா பெயர், இனிஷியல் எழுத்துப் பிழை இல்லாமல் போயிருக்கிறதா என்று மாப்பிள்ளை அங்கேயே நின்று பார்க்கட்டும், பின்னால் திருத்துவதற்கு நடையாய் நடக்கவேண்டும். பிள்ளையின் பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை, ஒரு வருஷம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குள் உங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு பெயருக்கு ஒத்துவருவார்களா என்பதை உன் மாமனாரிடம்தான் கேட்கவேண்டும்.