திறப்பு யார் கையில்?

வடமராட்சி நீரேரி கடலோடு கலக்கும் தொண்டைமானாற்றில் ஒரு தடுப்பணை உண்டு. உவர்நீர் உட்புகாது காப்பது அதன் பணி. அணை எத்துணை வலியதாயினும், அதன் கதவைத் திறக்கும் கை நம்மவர் கையே என்பதைச் சிறுவயதில் நான் எண்ணியதில்லை.

எண்ண வைத்தது எங்கள் அயலிலிருந்த ஒரு சிறு சங்கம். என் தாய்மாமன் அதன் பொருளாளர். பணம், பற்றுச்சீட்டு, கணக்கேடு, பெட்டகத் திறப்பு யாவும் அவரிடமே இருந்தன. கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் எனக் கருதி எவரும் கேட்டிலர். ஒருநாள் பெட்டகம் வெறுமையாய்க் கிடந்தது.

பெரிய நிறுவனங்களும் இவ்வாறே வீழ்ந்தன. 1762இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கியை 1995இல் வீழ்த்தியவர் அதன் சிங்கப்பூர் ஊழியரான நிக் லீசன். வணிகம் செய்தவரும் அதன் கணக்கைத் தீர்த்தவரும் அவரே. 88888 என்ற கணக்கில் அவர் மறைத்த நட்டம் 80 கோடி பவுணைக் கடந்தது.

மாமாவை மட்டும் நோவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் வேறொருவர் அந்த ஏட்டைப் புரட்டியிருப்பின், முதல் நூறு ரூபாவிலேயே அவர் தடுக்கப்பட்டிருப்பார். கணக்காய்வு சங்கத்தை மட்டுமன்றி அவரையும் காத்திருக்கும். இன்றும் எங்கள் படலையைத் திறந்து வந்திருப்பார்.