பயத்தைச் சொல்லிவிட்டு நடப்பது

உயரம் என்றால் எனக்குப் பயம். இதை நெடுங்காலம் யாரிடமும் சொன்னதில்லை. மாடி பால்கனியில் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஓரடி தள்ளி நின்று, கேட்டால் வெயில் என்பேன். செவிலியர் வேலையில் முகத்தில் கலக்கம் தெரியக்கூடாது. அந்தப் பழக்கம் வேலைக்கு வெளியிலும் ஒட்டிக்கொண்டது. அதை விட்டது வேல்ஸில், கிரிப் கோக் முகட்டின் மேல்.

ஸ்னோடன் மலையில் குதிரை லாட வடிவில் ஒரு முகட்டு நடை உண்டு. 359 மீட்டரில் இருக்கும் பென்-ஐ-பாஸ் கணவாயில் தொடங்கி, கிரிப் கோக் (923 மீட்டர்), கார்னெத் இகைன் (1,065), ஸ்னோடன் (1,085), லிவெத் (898) என்று நான்கு சிகரங்களை ஒரே நாளில் கடந்து திரும்ப வேண்டும். நம் தொட்டபெட்டாவின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இங்கே உயரம் பெரிய விஷயமில்லை. கிரிப் கோக்கின் முகடு சில இடங்களில் ஒரு பாதம் வைக்கத்தான் காணும். வலப்பக்கம், அதாவது வடக்கே, செங்குத்தாக விழுகிறது. இடப்பக்கம் சரிவுதான் என்றாலும், உருண்டால் நிற்க இடமில்லை. பிரிட்டனிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று இது. அன்று பாறை காய்ந்திருந்தது, காற்றும் அதிகமில்லை.

அப்படியிருந்தும் முகட்டில் பத்தடி போனதும் முழங்கால் இறுகிவிட்டது. எங்கள் குழுவில் எனக்கு முன்னால் போன தம்பி திரும்பிப் பார்த்தான். "ஒன்றுமில்லை" என்ற சொல் வாய்வரை வந்தது. இங்கே நான் பொய் சொன்னால், அதை நம்பி அவன் அடுத்த அடியை வைப்பான் என்று தோன்றியது.

"தம்பி, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

"சரிக்கா, அப்படியே நில்லுங்க. நிமிர்ந்து நடக்க வேண்டாம். முகட்டைக் கையால பிடிச்சுக்குங்க, காலை இடப்பக்கம் ஒரு படி கீழ வைங்க."

கையை வைத்தேன். சொரசொரப்பான, குளிர்ந்த பாறை. முகட்டின் விளிம்பே கைப்பிடியாகிவிட்டது; காலுக்குக் கீழே சின்னச் சின்னப் படிகள் இருந்தன. இரண்டு கையும் ஒரு காலும் ஊன்றியிருக்கும்போது மட்டும் மற்றக் காலை நகர்த்தினேன். எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "எனக்கும்தான் அக்கா." கணவாயிலிருந்து சிரித்துப் பேசிக்கொண்டே வந்த பெண் அவள். அதன்பிறகு குழுவின் நடையே மாறியது. தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தான். முகட்டில் வந்த மூன்று பாறைக் கோபுரங்களிலும், ஒருவர் கடக்கும்வரை மற்றவர்கள் நின்றோம்.

கார்னெத் இகைன் சீக்கிரம் முடிந்தது. ஸ்னோடன் உச்சிக்கு 1896 முதல் ரயில் ஓடுகிறது. அதில் வந்திறங்கிய குழந்தைகளும் பாட்டிகளும் நிறைந்த கூட்டத்தைப் பார்த்தபோது, திரும்பிவிடலாமா என்றுகூட ஆசை வந்தது. ஆனால் லாடத்தின் மற்றப் பாதி லிவெத். மாலரி போன்ற மலையேறிகள் இளமையில் ஏறிப் பழகிய பாறைச் சுவர் அது. அதற்குப் போக முதலில் உச்சியிலிருந்து சரளைக்கல் சரிவில் இறங்க வேண்டும். கால் வைத்த இடமெல்லாம் நழுவியது. இம்முறை முதலில் வாய் திறந்தவன் தம்பி: "இந்த இறக்கம் எனக்கு ஆகவே ஆகாதுக்கா. மெதுவாப் போவோம்." எத்தனையோ தடவை வந்தவன் அவன். கல் உருண்டால் கீழே இருப்பவர் மேல் விழாதபடி, நெருக்கமாகவே இறங்கினோம்.

எங்கள் குழு அடுத்து ஸ்கை தீவின் கூலின் முகட்டுக்குத் திட்டமிடுகிறது. சுமார் 12 கிலோமீட்டர் முகட்டில் 3,000 அடி தாண்டிய சிகரங்கள் 11. அதில் இனாக்சசிபிள் பினக்கிள் என்ற பாறைத்தகட்டில் ஏற, இறங்கக் கயிறு வேண்டும். மற்றவற்றுக்கு வருகிறேன், அதன் அடிவாரத்தில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன். எங்களோடு முதல்முறை வரப்போகும் ஒருவர், நான் அதைச் சொன்ன அன்றிரவே எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவருக்கும் உயரம் ஆகாதாம்.