ஸ்ட்ரோலரா, கேரியரா?



சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் சொகுசுக் கப்பலில் எட்டு மாதப் பேரனுக்கு எதை எடுத்துப் போவது என்று மகள் கேட்டாள். கேரியர் என்றேன். சாப்பாட்டு கேரியர் அல்ல, மார்பில் கட்டிக்கொள்வது!

ஆபத்து என்றால் லிஃப்டில் ஏறக் கூடாது. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்கக் கை வேண்டும். கூடும் இடம் சேர்ந்ததும் கேரியரைக் கழற்றிவிட்டு, குழந்தைக்கான உயிர்காப்பு உடையை மாட்ட வேண்டும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டால், சிறு படகில் மாறித்தான் கரை சேரலாம். பினாங்கில் பழைய கடைகளின் முன்னுள்ள நடைபாதை கடைக்குக் கடை ஏறி இறங்கும்.

குழந்தையின் முகம் தெரியட்டும். தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும்.

ஸ்ட்ரோலரும் வேண்டுமென்றால், மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கக்கூடியதாகப் பாருங்கள். அறைக்கு வெளியே நடைவழியில் நிறுத்தக் கூடாது.

கேரியரின் வார் மாப்பிள்ளைக்கும் சேரும்படி நீள வேண்டும். பிள்ளையைச் சுமப்பது அம்மாவின் வேலை மட்டுமல்லவே!