தறி நிற்கும் வேளை

நூலில்லாமல் தறி ஓட்டுவாருண்டோ? நண்பர்களே, உயிரணுவும் அவ்வாறே. அது புரதம் நெய்யும் தறிக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பை ஆய்ந்து, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்; நமக்கெல்லாம் பெருமைதான். என் மனமோ அந்தத் தறி நிற்கும் வேளையையே நாடுகிறது.

மர்பி டவுனில் என் அம்மாவுக்கு இரும்புச்சத்துக் குறைவால் சோகை. அல்சூர் சந்தைக்குப் போய்வந்தாலே மூச்சிரைக்கும். இரும்பு அருகினால், குருதிக்குச் சிவப்பூட்டும் ஹீம் குறையும். ஹீம் இன்றிக் குளோபின் புரதம் மட்டும் குவிந்தால் செவ்வணுவுக்கே கேடு. ஆகவே ஒரு நொதி, புரதத் தொகுப்பைத் தொடங்கும் காரணிமீது பாஸ்பேட்டை ஏற்றித் தறியை மட்டுப்படுத்துகிறது. பிறக்கும் செவ்வணு சிறுத்தும் வெளிறியும் இருக்கும், ஆனால் பிழைத்திருக்கும். வைரசு தாக்கும்போதும் வேறொரு நொதி இதே காரணியைத்தான் பூட்டுகிறது!

மாத்திரையால் இரும்பு சேரச் சேரப் பூட்டுத் திறக்கிறது. முகம் தெளிந்ததும் அம்மா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். உடலின் இரும்புக் கிடங்கு நிரம்ப இன்னும் சில திங்களாகும் என்று நான் விடுவதில்லை.