சேட்டைன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி...

இந்த வாரம் பூஜை அறிவிப்போடு இன்னொரு விஷயமும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளி பூஜை, ஞாயிறு தேவார வகுப்பு, அன்னதானம் என்று வாரத்தில் ரெண்டு மூணு தடவை நாங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறோம். மேளம் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளை. திருநீறு நெற்றியில் பட்டதும் துடைத்துத் துடைத்து அழும் பிள்ளை. சர்க்கரைப் பொங்கல் விரலில் ஒட்டினால் தட்டையே தள்ளிவிடும் பிள்ளை. தூணிலும் ஆட்கள் மேலும் மோதிக்கொண்டே ஓடும் பிள்ளை. உடனே நம்ம ஆளுங்க "சேட்டை", இல்லன்னா "செல்லம் ஜாஸ்தி"ன்னு சொல்லிடுவாங்க. கண்ணு பட்டிருக்கும் என்பவர்களும் உண்டு.

எல்லாப் பிள்ளையும் ஒரு நாள் அப்படி இருக்கும். ஆனால் வீட்டிலும் பாலர் பள்ளியிலும் அதே மாதிரி, மாதக்கணக்கில், சாப்பிடுவது, உடுத்துவது, விளையாடுவதைக்கூடத் தடுக்கிற அளவுக்கு இருந்தால், பிள்ளை நிஜமாகவே கஷ்டப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு உதவுகிறவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அரசாங்க ஆஸ்பத்திரியில் 'சாரா கெர்ஜா' என்பார்கள். 'கெர்ஜா'ன்னு இருப்பதால் வேலைக்குப் போகும் பெரியவங்களுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையின் வேலை என்ன? சாப்பிடுவது, சட்டை போடுவது, விளையாடுவது, எழுதுவது. அதைத்தான் பழக்குகிறார்கள். ஊசி, மருந்து கிடையாது. ஊஞ்சல், மாவு பிசைவது, மணி கோர்ப்பது என்று விளையாட்டு மாதிரியே நடக்கும். வீட்டில் என்ன செய்யணும் என்றும் சொல்லித் தருவார்கள்.

எதைக் கவனிக்கலாம்?

• 18 மாதத்துக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்ற கையை அப்படியே விட்டுவிடுவது.
• 2 வயது தாண்டியும் கரண்டியால் சாப்பிட முடியாதது.
• 3 வயதாகியும் ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்க முடியாதது, அடிக்கடி தடுக்கி விழுவது.
• 5 வயது தாண்டியும் ஒரு பட்டன்கூடப் போட முடியாதது, பென்சிலை முஷ்டியால் பிடிப்பது.
• முடி வெட்ட, நகம் வெட்ட, பல் தேய்க்க ஒவ்வொரு தடவையும் போராட்டம். நாலஞ்சு வகைச் சாப்பாட்டுக்கு மேல் தொடாதது.

இதில் ஒன்று இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. டாக்டரிடம் கேட்டுப் பார்க்கணும், அவ்வளவுதான். ஆனால் முன்பு செய்ததை, பேசியதைப் பிள்ளை இழந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்திலிருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் பிள்ளையின் ரெக்கார்ட் புத்தகத்தோடு போங்கள். 18 மாதத்திலும் 3 வயதிலும் அங்கே எம்-சாட் என்ற கேள்வித்தாள் தருவார்கள். ஆட்டிசம் அறிகுறிகளைப் பார்ப்பதற்கானது. வரிசை நீளமா இருக்குன்னு சும்மா டிக் பண்ணிட்டு வராதீங்க. ஒரு வாரம் பார்த்ததை நோட்டில் எழுதி, போனில் சின்ன வீடியோவும் எடுத்துப்போனால் டாக்டருக்கு உதவும். தேவைப்பட்டால் அவரே சாரா கெர்ஜாவுக்குக் கடிதம் கொடுப்பார்.

"ஆண்டு ஒன்று போனா சரியாயிடும்" என்று பாட்டி தாத்தாக்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் அங்கே போனதும் எழுத்து, பட்டன், கழிப்பறை, கேண்டீன் எல்லாம் ஒரே நாளில் பிள்ளை தலையில் விழும். அதுக்கு முன்னாடியே பழக்கினால் பிள்ளைக்குச் சுலபம்.

நம்ம ஆலயத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் வரும் ஓர் அம்மா, 5 வயது மகனோடு சிலிப்பர் கழற்றும் இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். முன்பு உள்ளே வந்தபோது யாரோ "பிள்ளைய வளர்க்கத் தெரியல"ன்னு சொன்னதுதான் காரணம். பிறகு பாலர் பள்ளி ஆசிரியை சொல்லி கிளினிக் போனார். இப்போது பையன் சாரா கெர்ஜாவுக்குப் போகிறான். மேளம் இன்னும் பிடிக்காது. ஆனால் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, பின் தூண் ஓரம் உட்கார்ந்து தீபாராதனை முழுக்கப் பார்க்கிறான்.

இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்னாடியே தரிசனம் செய்ய வழி செய்கிறோம். மேளத்துக்குத் தள்ளி இடம் போட்டுத் தருகிறோம். திருநீற்றை நெற்றியில் இடாமல் தாளில் மடித்துத் தரச் சொல்லி குருக்களிடம் கேட்கலாம்.

மற்ற பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழும் பிள்ளையையும் கூட நிற்கும் தாயையும் முறைக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள். அதுவும் ஒரு தொண்டுதான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முருகன் துணை.

– ஆலயத் தொண்டர்கள்